செப்டம்பர் 10-ஐ மறக்கலாமா?

சென்னை சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, அடுத்த வண்டியைப் பிடிக்கப் பெட்டி படுக்கையுடன் பூங்கா நகர்ப் பக்கம் ஓடாத மும்பைத் தமிழர் குறைவு. அந்தப் பக்கத்தில்தான் 1837-இல் கட்டப்பட்ட சென்னை மத்தியச் சிறைச்சாலை நெடுங்காலம் நின்றது. 2006-இல் கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்டார்கள். 2009-இல் கட்டிடமும் இடிக்கப்பட்டது. இன்று அவ்வழியே போகிறவர்களில் எத்தனை பேருக்கு அங்கே நடந்தது தெரியும்?

1943 செப்டம்பர் 10 அதிகாலை. அந்தச் சிறைக்குள் நான்கு இளைஞர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். வக்கம் அப்துல் காதர், அனந்தன், சத்தியேந்திர சந்திர பர்தன், பவுஜா சிங் என்பன அவர்கள் பெயர்கள். இருவர் கேரளத்தவர், ஒருவர் வங்காளி, ஒருவர் பஞ்சாபி. அப்துல் காதருக்கு அப்போது வயது 26. தூக்கு மேடை ஏறும் முன் அவர் தம் தந்தைக்கு எழுதிய கடிதம் இன்றும் கேரளத்தில் நினைவுகூரப்படுகிறது.

இவர்கள் செய்த குற்றம் என்ன? 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமான பிறகு, மலாயாவில் வாழ்ந்த இந்தியர்கள் இந்திய சுதந்திர லீகில் திரண்டார்கள். பினாங்கில் வழக்கறிஞர் என். ராகவன் பொறுப்பில் ஒரு சுயராஜ்யப் பயிற்சி நிலையம் ஏற்பட்டது. வெளியே அது ஒரு பயிற்சிப் பள்ளி. உள்ளே கற்றுக் கொடுத்ததோ ஒற்றுப் பணி. தாய்நாட்டுக்குள் மறைந்து வருவது, பிரிட்டிஷ் படைகளின் நிலையை அறிவது, கம்பியில்லாத் தந்தி மூலம் செய்தி அனுப்புவது ஆகியவையே பாடங்கள். பயிற்சி பெற்றவர்களில் சிலர் நீர்மூழ்கிக் கப்பலிலும், சிலர் பர்மா வழியாகத் தரை மார்க்கத்திலும் அனுப்பப்பட்டார்கள். அப்துல் காதர் இருந்த குழு 1942 செப்டம்பர் 27 அன்று மலபாரின் தானூர்க் கடற்கரையில் ரப்பர்ப் படகில் கரையேறி, விரைவிலேயே பிடிபட்டது. நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து தலைமை ஏற்றது 1943 ஜூலையில். அப்போது இந்த இளைஞர்கள் சிறைக் கொட்டடியில் இருந்தார்கள்.

பகைவரின் ஒற்றர்களுக்கென்றே பிரிட்டிஷ் அரசு 1943-இல் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி விசாரணை மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தது. உள்ளே நடந்ததை வெளியே சொல்வதே குற்றம். பத்திரிகைகள் எழுத முடியாது. காந்தியடிகள் முதலான தலைவர்கள் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்துக்காகச் சிறையில் இருந்த நேரம் அது. ஊருக்குத் தெரியாமல் வழக்கு நடந்தது. ஊருக்குத் தெரியாமல் உயிரும் போயிற்று.

இரண்டே ஆண்டுகள் கழித்து நடந்ததை இதனுடன் வைத்துப் பார்க்க வேண்டும். 1945 நவம்பரில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் டில்லி செங்கோட்டையில் விசாரிக்கப்பட்டார்கள். அது பகிரங்க விசாரணை. மும்பையின் புகழ்பெற்ற வழக்கறிஞர் புலாபாய் தேசாய் அவர்களுக்காக வாதாடினார். நாடெங்கும் ஊர்வலங்கள், கடையடைப்புகள். நீதிமன்றம் நாடுகடத்தல் தண்டனை விதித்தும், 1946 ஜனவரியில் அதை ரத்து செய்யும்படி ஆயிற்று. அடுத்த மாதமே இதே மும்பையில், கடற்படையின் தந்திப் பயிற்சி நிலையமான 'தல்வார்' மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று இந்திய தேசிய ராணுவக் கைதிகளை விடுதலை செய்ய வேண்டும் என்பது. மும்பை ஆலைத் தொழிலாளர்கள் அந்த மாலுமிகளுக்காக வீதிக்கு வந்து, துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையானார்கள்.

மக்கள் அறிந்த வழக்கில் மூவர் உயிர் தப்பினார்கள். மக்கள் அறியாத வழக்கில் நால்வர் உயிரிழந்தார்கள். ரகசியப் பணியில் இருந்தவனுக்காக அன்று கூட்டம் கூட முடியவில்லை. அந்தக் கடன் பின்னால் வந்தவர்கள் தலையில் இருக்கிறது.

ஜப்பானுக்கு உதவியவர்களை ஏன் போற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. சயாம்–பர்மா ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் பிடித்துச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரமாயிரமாக மடிந்ததைத் தமிழன் மறக்க முடியாது; மறக்கவும் கூடாது. எதிர்ப்பக்கத்தில் நின்று பர்மாக் காடுகளில் ஜப்பானியரோடு போரிட்ட இந்தியச் சிப்பாய்களும் நம் வீட்டுப் பிள்ளைகளே. ஆனால் தானூர்க் கரையில் இறங்கியவர்கள் ஜப்பானின் கொடிக்காகக் கழுத்தைக் கொடுக்கவில்லை. இந்தியா விடுதலை பெற வேண்டும் என்பதற்காகக் கொடுத்தார்கள். அவர்களை மதிப்பது ஜப்பானிய ராணுவத்தின் கொடுமைக்கு வெள்ளையடிப்பதாகாது.

ரகசியப் பணி செய்தவர்களை மற்ற நாடுகள் காலம் தாழ்ந்தேனும் மதித்திருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் தம் தாய்மொழியையே சங்கேதமாக்கி அமெரிக்கக் கடற்படைக் காலாட்களுக்குச் செய்தி அனுப்பியவர்கள் நவஹோ பழங்குடியினர். 1968 வரை அதைப் பற்றி அவர்கள் வாய் திறக்க முடியாதிருந்தது. 1982-இல் ஆகஸ்டு 14 அவர்களுடைய நாளாக அறிவிக்கப்பட்டது. திப்பு சுல்தான் வழி வந்த நூர் இனாயத் கான், பிரிட்டனின் ரகசியப் படைக்காகப் பிரான்சில் கம்பியில்லாத் தந்தி இயக்கி, 1944 செப்டம்பர் 13 அன்று நாஜிகளின் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டார். அவருக்கு 1949-இல் ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. 2012-இல் லண்டனில் சிலையும் எழுந்தது.

இங்கே நிலைமை என்ன? 1998-இல் இந்திய அஞ்சல் துறை அப்துல் காதர் உள்ளிட்ட இத்தியாகிகள் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. அவர் பிறந்த வக்கத்தில் அவர் நினைவு போற்றப்படுகிறது. அவர்கள் உயிர் துறந்த மண்ணின் மக்களான தமிழர்களிடையே செப்டம்பர் 10 ஓர் ஓசையுமின்றி வந்து போவது வருந்தத்தக்கது. சிறை இருந்த இடத்தில், வழிப்போக்கரும் நின்று படிக்கும்படி நால்வர் பெயரும் தமிழில் பொறிக்கப்பட வேண்டும். அதைப் பேணிக் காப்பது தமிழக அரசின் கடமை.

அரசு செய்யும் வரை காத்திருக்கத் தேவையில்லை. முலுண்ட், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் வட்டாரத் தமிழ் மன்றங்கள் பொங்கல் விழாவும் வள்ளுவர் விழாவும் குறையின்றி நடத்துகின்றன. செப்டம்பர் 10 அன்று, வேலை முடிந்து லோக்கல் வண்டியில் திரும்பி வந்த பிறகு, மாலையில் அரை மணி நேரம் கூடலாம். மலையாளி, வங்காளி, பஞ்சாபி அண்டை வீட்டாரையும் அழைக்கலாம். அந்த நால்வரும் சேர்ந்தே போனவர்கள். மேடையும் மாலையும் வேண்டாம். பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்து, அந்தப் பெயர்களை உரக்கச் சொன்னால் போதும். பெயரை மறைத்துக்கொண்டு நாட்டுக்கு உழைத்தவர்களுக்குச் செய்யக்கூடிய மரியாதை, அந்தப் பெயரை ஊரறியச் சொல்வதே.