படுக்கவே வைக்காதீர்கள்!

"அசையாம படுத்திரு. ஒரு துரும்பையும் எடுத்துப் போடாதே!"

புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்றி வீடு திரும்புகிறவர் காதில் விழும் முதல் வார்த்தை இதுதான். பார்க்க வருகிற பக்கத்து வீட்டுக்காரரும் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு அதையே சொல்லிவிட்டுப் போகிறார்.

பாசம்தான், யார் இல்லை என்றது? ஆனால் படுத்தே கிடந்தால் சதை கரைகிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அதைப் பார்த்து, "சொன்னேனே, உனக்கு முடியலை" என்று மறுபடியும் படுக்க வைக்கிறார்கள்!

கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளில் 2009-ல் ஒரு சோதனை தொடங்கியது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு, உடம்பைப் பேணும் விதம் பற்றி அச்சடித்த புத்தகம். மற்றதற்கு, 3 ஆண்டுகளுக்கு ஒரு பயிற்சியாளர். பெரிய கசரத்து ஒன்றுமில்லை. வழக்கமான நடமாட்டத்துக்கு மேல், வாரம் மூன்று நான்கு நாள், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகமாக நடக்கிற அளவு உழைப்பு.

2025-ல் முடிவு வெளியானது. 8 ஆண்டுக் கணக்கில், புத்தகம் வாங்கியவர்களில் 100-க்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள். பயிற்சி எடுத்தவர்களில் 90 பேர்! நோய் திரும்பி வந்ததும் அவர்களிடம் குறைவு.

இதில் ஒரு சங்கதி. அந்தப் புத்தகமும் "நடமாடுங்கள்" என்றுதான் சொன்னது. சொன்னது போதவில்லை, கூட ஒரு ஆள் வேண்டியிருந்தது. நம் வீடுகளில் ஆளுக்கா பஞ்சம்? ஹார்லிக்ஸ் கொண்டுவந்தவரே சாயங்காலம் தெருமுனை வரை கூட நடந்துவிட்டு வரலாமே!

கண்ணை மூடிக்கொண்டு இறங்கவும் கூடாது. இது ஒரு வகைப் புற்றுநோயில் கண்ட முடிவு. எலும்புக்குப் பரவியவர்கள், ரத்த அணு குறைந்தவர்கள், காய்ச்சல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டாக வேண்டும். பயிற்சி எடுத்தவர்களுக்குக் கை கால் வலி, சுளுக்கு கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. "மருந்தே வேண்டாம், நடந்தால் போதும்" என்று எவராவது கிளம்பினால், அவரை வாசலோடு அனுப்பிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு கேள்வி. டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரையின் பெயர் இருக்கிறது, அடுத்து வரவேண்டிய தேதி இருக்கிறது. எப்போதிருந்து நடக்கலாம், எத்தனை நிமிஷம் நடக்கலாம் என்பதையும் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் என்ன செலவாகிவிடும்?