தொன்னைப் புளியோதரையும் நாலு சிநேகிதிகளும்

பெண்ணை வெளியூர் ஹாஸ்டலில் விட்டிருக்கும் அம்மாக்களே, இந்த இதழில் உங்களோடுதான் பேச்சு. கைக்குழந்தைக்காரிகளும் கேட்டு வையுங்கள். பதினெட்டு வருஷம் ஓடுவது தெரியாது!

என் அண்ணன் பெண் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து அடையாறில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். நான் மாம்பலத்தில் இருக்கிறேன். போன தீபாவளிக்கு இருவரும் சேர்ந்து ஊருக்குப் புறப்பட்டோம். எழும்பூர் ஸ்டேஷனில் அவளைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கருவளையம். ஊரில் ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் ஒன்பது. நம் பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும். (இவள் ஒருத்தி மட்டுமல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகைக்காரர்கள்தான்.)

அண்ணி ஒரே போடாகப் போட்டுவிட்டாள். "மெட்ராஸ்ல ஊர் சுத்தினா உடம்பு எப்படித் தேறும்? இனிமே காலேஜ், ஹாஸ்டல். வேற எங்கேயும் போகக்கூடாது."

பெண் வாயே திறக்கவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் என்னிடம் மெல்லச் சொன்னாள். "நான் எங்கேயுமே போகலை அத்தை. ரூம்ல இருக்கிறவங்க வேற கிளாஸ். மெஸ்ஸுல தட்டைத் தூக்கிட்டு தனியா உட்காரக் கூச்சமா இருந்துச்சு. ராத்திரி பிஸ்கட்டும் டீயும் போதும்னு விட்டுட்டேன்."

மூன்று மாதம்! அரை மணி பஸ் தூரத்தில் இருந்துகொண்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று போனில் கேட்டு, "ஆச்சு அத்தை" என்ற பதிலோடு திருப்திப்பட்ட என்னை நானே நொந்துகொண்டேன்.

அண்ணி கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாதான் அவளைக் காப்பாற்றியது. அறையில் திறந்ததும் கூட இருந்த மூன்று பேரும் மொய்த்துக்கொண்டார்களாம். பதிலுக்கு அவர்கள் இவளை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். ஜனவரியில் எனக்குப் போன் வந்தது. "சனிக்கிழமை வாங்க அத்தை. நாங்க எங்கெல்லாம் போறோம்னு காட்டறேன். நீங்களே பார்த்துட்டு அம்மாகிட்ட சொல்லுங்க." அண்ணியின் தடையுத்தரவு அப்போதும் அமலில்தான் இருந்தது!

சாதா பஸ்ஸில் போனேன். 2021 மே மாதத்திலிருந்து நமக்கு டிக்கெட் கிடையாதே. முதலில் பிரம்மஞான சபைத் தோட்டம். 1882-லிருந்து சபையின் தலைமையிடம் இங்கேதான். காலையிலும் பிற்பகலிலும் குறிப்பிட்ட நேரம்தான் பார்வையாளர்களை விடுவார்கள், விசாரித்துக்கொண்டு போங்கள். பெரிய ஆலமரத்தின் நடு மரம் 1989 புயலில் விழுந்துவிட்டது. விழுதுகள் ஊன்றிய மரங்கள் பரந்து நிற்கின்றன. சாப்பாட்டு மூட்டையோடு போகிற இடமில்லை. சத்தம் போடவும் கூடாது. நாலு பெண்களும் இங்கே வந்தால் பேசவே மாட்டார்களாம். "பரீட்சைக்கு முந்தின வாரம் இதுக்காகவே வருவோம் அத்தை" என்றாள்.

பசி வந்ததும் காந்தி நகர். 1982-ல் தொடங்கிய கிராண்ட் ஸ்வீட்ஸ் கடையை நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். வருகிறவர்களுக்குத் தொன்னையில் ஏதாவது வைத்துக் கொடுத்தே பெயர் வாங்கிய கடை அது. இந்தப் பெண்கள் புளியோதரையும் தயிர்சாதமும் வாங்கி, ஒருத்தி தொன்னையில் இன்னொருத்தி கைவிட்டுச் சாப்பிடுகிறார்கள். என் மருமகளும் அதில் ஒருத்தி. மூன்று மாதம் பிஸ்கட்டைக் கடித்த பெண்ணா இவள்!

பிற்பகல் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல் திறந்தது, ஒன்பது மாடி. சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனி இடமே உண்டு. ஃபேன் காற்று, குடிதண்ணீர், கழிப்பறை. இந்த மூன்றாவதன் அருமை நமக்குத் தெரியும். 2011-ல் இதைக் குழந்தைகள் ஆஸ்பத்திரியாக மாற்றப்போவதாக அறிவிப்பு வந்து, கோர்ட்டுக்குப் போய்த்தான் நின்றது. குழந்தைகள் ஆஸ்பத்திரி வேண்டாமென்று எந்தத் தாய் சொல்வாள்? இருந்தாலும் கையில் காசில்லாத ஒரு பெண் பகல் முழுக்க மரியாதையாக உட்கார இந்த ஊரில் வேறு எத்தனை இடம் இருக்கிறது, சொல்லுங்கள்!

சாயந்தரம் பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச். அங்கே வெள்ளையாக ஒரு நினைவு மண்டபம் நிற்கிறதே, அது கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க்காரருக்காகக் கட்டியது. 1930 டிசம்பர் 30-ம் தேதி, கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் அவரே மூழ்கிப்போனார். அதைச் சொல்லி, "கால் நனைக்கறதோட சரி" என்று நாலு பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அலை சின்னதாகத் தெரிந்தாலும் இழுப்பு பொல்லாதது.

சுண்டலுக்கு நான் தடை போடவில்லை. பட்டாணியில் புரதமும் இரும்பும் உண்டு. மேலே மாங்காய், எலுமிச்சை சேர்ந்தால் அந்த இரும்பு உடம்பில் நன்றாகவே ஒட்டும். சூடாக இருக்கிறதா, மூடி வைத்திருக்கிறார்களா என்று பார்த்து வாங்கச் சொன்னேன். திறந்த வாளித் தண்ணீரில் முக்கித் தரும் எதுவும் வேண்டாம். சாப்பிட்ட கையோடு டீயும் வேண்டாம், இரும்புச்சத்தைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் போகட்டும். டாக்டர் கொடுத்த மாத்திரைக்கும் இதே கணக்குதான்.

எட்டு மணிக்குள் ஹாஸ்டல் வாசலில் விட்டுவிட்டு அண்ணிக்குப் போன் செய்தேன். ஆலமரம், நூலகம் எல்லாம் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் மௌனம். பிறகு, "யாரோடயாச்சும் உட்கார்ந்து சாப்பிடறாளா?" என்று மட்டும் கேட்டாள். "மூணு பேரோட" என்றேன். குரல் உடைந்துபோயிற்று அவளுக்கு.

மார்ச்சில் பரிசோதித்தபோது பதினொன்றரை. தடையுத்தரவு வாபஸ்! இப்போதெல்லாம் ஊரிலிருந்து வரும் எள்ளுருண்டை டப்பா நாலு பேருக்கும் கணக்குப் போட்டே வருகிறது. அடுத்த மாதம் அண்ணியே வருகிறாளாம். அந்தப் புளியோதரையைத் தன்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தாகணுமாம்.