வேலிக்கும் காவல் வேண்டும்!

வீட்டில் ஒருவர் நோயில் படுத்தால், ஏழைக் குடும்பம் முதலில் அடகுக் கடைக்குத்தான் ஓடும். நகை போகும். பிறகு நிலமும் போகும்.

அந்தக் கஷ்டத்தைப் போக்க வந்ததுதான் சர்க்காரின் மருத்துவ இன்ஷூரன்ஸ். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டு இது தொடங்கியது. மத்திய சர்க்காரின் "ஆயுஷ்மான் பாரத்" திட்டம் 2018-ல் வந்தது. இதில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரியில் இலவச சிகிச்சை உண்டு.

நல்ல திட்டம். ஆனால் பணம் யார் கை வழியாகப் போகிறது?

இரண்டு வழி

ஒரு வழியில், குடும்பத்துக்கு இவ்வளவு என்று சர்க்கார் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பிரீமியம் கட்டுகிறது. ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி பணம் கொடுக்கிறது. கொடுக்காமல் மிச்சம் பிடித்தால் கம்பெனிக்கு லாபம். "அந்தத் தாள் இல்லை, இந்தத் தாள் இல்லை" என்று தட்டிக் கழிக்க ஆசை வரும்.

மற்றொரு வழியில், சர்க்காரே பணம் கொடுக்கிறது. பில்லைச் சரிபார்க்கும் வேலை மட்டும் தனியார் கம்பெனிக்கு. பொய் பில் நுழைந்தால் நஷ்டம் சர்க்காருக்கு, கம்பெனிக்கு அல்ல. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க அதற்கு என்ன அவசரம்?

முதல் வழியில் நோயாளி தவிப்பார். இரண்டாவது வழியில் கஜானா கரையும்.

செத்தவருக்கு வைத்தியம்!

ஆயுஷ்மான் பாரத் பற்றிய தணிக்கை அறிக்கை 2023 ஆகஸ்டு மாதம் பார்லிமெண்டில் வைக்கப்பட்டது. அதைப் படித்தவர்கள் திகைத்தார்கள்.

ஒரே டெலிபோன் நம்பரில் 7 லட்சத்து 49 ஆயிரத்து 820 பேர் பதிவாகி இருந்தார்கள். அந்த நம்பர் வேறொன்றும் இல்லை, பத்து ஒன்பதுகள்!

இறந்துவிட்டதாக முன்பே பதிவான 3,446 நோயாளிகளின் பேரில், 6 கோடியே 97 லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டு இருந்தது.

சர்க்கார் சமாதானம் சொன்னது. டெலிபோன் நம்பரைக் கொண்டு ஆளை அடையாளம் பார்ப்பதில்லை என்றது. இருக்கட்டும். ஆனால் ஒருவர் பேரில் யாரோ பில் போட்டால், அந்தத் தகவல் எந்த டெலிபோனுக்குப் போகும்?

என்ன செய்யவேண்டும்?

குத்தகைக்கு விட்ட நிலத்தையும் சொந்தக்காரன் போய்ப் பார்க்கிறான். வரப்பில் நின்று விளைச்சலைக் கணக்கிடுகிறான். சர்க்காரும் அப்படியே செய்யவேண்டும்.

சர்க்காரின் சொந்த டாக்டர்கள் பில்களில் சிலவற்றை எடுத்து, நோயாளியின் வீட்டுக்கே போய் விசாரிக்கவேண்டும். நிராகரித்த பில்களையும் பார்க்கவேண்டும். பொய் பில் போட்ட ஆஸ்பத்திரிக்கு மட்டும் தண்டனை போதாது. கண்டும் காணாமல் விட்ட கம்பெனியும் அபராதம் கட்டவேண்டும்.

மக்களுக்கும் பொறுப்பு உண்டு. கார்டு இருந்தும் பணம் கேட்டால், ரசீது கேட்கவேண்டும். 14555 என்ற நம்பரில் புகார் சொல்லலாம்.

பிரீமியம் கட்டியதோடு சர்க்காரின் கடமை தீர்ந்துவிடாது. வேலியே பயிரை மேயாமல் இருக்க, வேலிக்கும் காவல் வேண்டும்!