மாசிப் பௌர்ணமியின் விண்ணப்பம்

மாசி மாதத்துப் பௌர்ணமி நெருங்கும்போது, செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் முதலிய மாவட்டங்களின் ஏரிக்கரைகளிலும் செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் உழைத்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்கள், கைக்குழந்தைகளையும் சமையற் பாத்திரங்களையும் சுமந்துகொண்டு மாமல்லபுரத்துக் கடற்கரையில் வந்து கூடுகின்றன. புடவைகளையும் போர்வைகளையும் கழிகளிற் கட்டிக் கூடாரமாக்கி, மணலிலேயே சமைத்து உண்டு, மணலிலேயே உறங்கி, விடியற்காலையில் கடலில் நீராடி, ஈர மணலைக் குவித்துப் படிகள் அமைத்து, பூவும் பழமும் வெற்றிலையும் படைத்துத் தங்கள் குலதெய்வமாகிய கன்னியம்மனை வழிபடுகிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட அம்மனை மனம் இரங்கித் திரும்பி வரும்படி மன்றாடி அழைப்பதே இந்த வழிபாடு என்று அவர்களுடைய பெரியோர்கள் சொல்கிறார்கள். அருள் வந்து ஆடுபவர் குறி சொல்ல, காது குத்துவதும் முடி இறக்குவதும் தாலி கட்டுவதும் அந்தக் கரையிலேயே நடந்தேறுகின்றன.

தெய்வத்திடம் ஒன்றைக் கேட்பது பக்தியில் கீழ்ப்படி என்றும், ஏதும் கேளாதிருப்பதே உத்தமம் என்றும் படித்தவர்களில் சிலர் சொல்வதுண்டு. அக்கருத்துக்கு நம்முடைய வேதாந்தத்தில் இடம் இல்லாமல் இல்லை. ஆயினும், நாளைய கூலி நிச்சயமில்லாதவளும் குடிசைக்குக் கீழேயுள்ள மண் தன்னுடையதென்று சொல்ல இயலாதவளுமான ஒரு தாய், தன் பிள்ளைக்குச் சுகம் வேண்டிக் கைகூப்பும்போது, அதைத் தாழ்ந்த பக்தி என்று தரம் பிரிக்கும் உரிமை வயிறு நிறைந்தவர்களுக்குக் கிடையாது. தன் சக்தியால் ஆகாதது உலகில் உண்டென்று உணர்ந்து, ஆகிற இடத்தில் அதை வாய்விட்டுச் சொல்வது சரணாகதியின் முதற்படி என்பதே என் துணிபு.

இந்தக் கரை நெடுகிலும் கேட்பவர்களே நிறைந்திருக்கிறார்கள். திருவிடந்தையில் நித்திய கல்யாணப் பெருமாளுக்கு மாலை சாத்தி, பிரசாதமாகப் பெற்ற மாலையை அணிந்து வலம் வந்து, மணமான பின் அதே மாலையோடு துணையையும் அழைத்து வருகிறார்கள். கோவளத்தில் தமீம் அன்சாரி தர்காவிலும், கார்மேல் மாதா கோயிலிலும் அதே கண்ணீரைக் காணலாம். மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்பவன் அர்ஜுனனா பகீரதனா என்ற வாதம் இன்றும் தீரவில்லை. எவனாயினும் அவன் வரம் வேண்டி நிற்பவன், எதிரே சிவபெருமான் வரம் அளிக்கும் கரத்தோடு நிற்கிறார்.

கேட்பதில் ஒரு நியதி உண்டு. அதை எனக்குத் தெளிவாக்கியது மதுராந்தகம். ஆண்டுதோறும் உடைந்துகொண்டிருந்த ஏரி அந்த மழைக்காலத்தில் உடையாமல் நின்றால் அவ்வூர் ராமர் கோயிலின் தாயார் சந்நிதியைத் திருப்பணி செய்து தருவதாக, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கும்பினியின் ஜாகீர் கலெக்டராயிருந்த லயோனல் பிளேஸ் வாக்களித்தார் என்பதும், அடைமழை இரவில் கரையைப் பார்க்கச் சென்றவர் வில்லேந்திய இருவர் காவல் நிற்கக் கண்டார் என்பதும் அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. அந்தத் தர்மம் அவருடையது என்று கூறும் தமிழ்க் கல்வெட்டை இன்றும் சந்நிதியில் படிக்கலாம். ஏரி காத்த ராமரிடம், மற்றவர் நிலமெல்லாம் போகட்டும், என் வயல் மட்டும் மிஞ்சட்டும் என்று எவராலும் வேண்டிக்கொள்ள முடியாது. கரை நின்றால் ஆயக்கட்டு முழுவதும் பிழைக்கும். உடைந்தால் முழுவதும் போகும். அநுக்கிரகம் முழுவதுமே இத்தகையது என்று நம்புகிறேன்.

பூதத்தாழ்வார் அவதரித்த தலமாகிய கடல்மல்லை என்னும் மாமல்லபுரத்தின் புராணம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பாற்கடற் பெருமானுக்குத் தாமரை சாத்த விரும்பிய புண்டரீக மகரிஷி, வழிமறித்த கடலைக் கையால் இறைக்கத் தொடங்கினார். அப்போது ஒரு முதியவர் வந்து, பசிக்கிறது, அன்னம் கொண்டு வா என்றார். முனிவர் அன்னத்தோடு திரும்பியபோது, அந்த முதியவரே பெருமானாக, ஆதிசேஷனும் இன்றி வெறுந்தரையில் சயனித்திருந்தார். அருளைத் தேடியவனிடம் அருளுக்கு உரியவனே பசித்தவனாக வந்து கேட்ட தலம் அது.

அந்த ஸ்தலசயனப் பெருமாள் கோயிலின் அன்னதானப் பந்தியிலிருந்து நரிக்குறவர் சமூகத்துப் பெண் ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டார் என்பதை, 2021-ஆம் ஆண்டில் அவர் வாயாலேயே கேட்டு நாடு தலைகுனிந்தது. அமைச்சர் அவருடன் அதே பந்தியில் அமர்ந்து உண்டதும், அவ்வாண்டு தீபாவளியன்று முதலமைச்சர் அப்பெண்ணின் ஊராகிய பூஞ்சேரிக்கே வந்து நரிக்குறவர்க்கும் இருளர்க்கும் பட்டாக்கள் வழங்கியதும் மெய்யான பிராயச்சித்தங்கள். அவற்றைக் குறைத்துப் பேச மாட்டேன். எனினும், ஒரு பெண்ணின் குரல் தற்செயலாக வெளியே கேட்டதனால் கிடைத்த நீதி, குரல் கேட்காத நூற்றுக்கணக்கான குடியிருப்புகளுக்கும் எட்ட வேண்டுமல்லவா?

இருளருக்கு நாம் பட்ட கடன் பெரிது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வியாபாரம் நின்று பிழைப்பிழந்த அவர்கள், 1978-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக, வடநெம்மேலியில் நாகத்தையும் விரியனையும் பிடித்து விஷம் எடுத்துத் தருகிறார்கள். பாம்புக்கடிக்கு மருத்துவமனைகளில் ஏற்றும் மாற்று மருந்து அந்த விஷத்திலிருந்து உருவாகிறது. அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நாட்டில் எத்தனையோ குடும்பங்களின் பிரார்த்தனை அந்தக் கைகளின் வழியாக நிறைவேறியிருக்கிறது. அந்தக் கைகளுக்குரியவர்களின் பிள்ளைகளோ, பழங்குடிச் சான்றிதழ் கிடைக்காமையால் படிப்பை நிறுத்துகிறார்கள். புறம்போக்கில் குடியிருந்து, எப்போது எழுப்புவார்களோ என்று அஞ்சுகிறார்கள்.

ஆகவே மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம். வேறு எந்த நாளிலும் ஓரிடத்தில் காணமுடியாத அளவில் இருளர்கள் தாமாகவே வந்து கூடும் அந்த மாசிப் பௌர்ணமியன்று, குடிநீரும் கழிப்பிடமும் விளக்கும் மருத்துவ உதவியும் குறைவற அமைப்பதோடு, சாதிச் சான்றிதழுக்கும் மனைப்பட்டாவுக்கும் மனுப் பெற்று ஆணை வழங்கும் முகாம் ஒன்றையும் கடற்கரையிலேயே நடத்த வேண்டும். பிற மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வருவதால், அவ்வூர்களின் வட்டாட்சியர்களும் பதிவேடுகளோடு அங்கே வந்து அமர வேண்டும். வரும் மாசியிலேயே இதைத் தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.