‘இருபது வயசு உடம்புக்கு என்ன வந்துடும்?’

“இந்த வயசுல உடம்பு தானாவே ஃபிட்டா இருக்கும்.” கல்லூரி விடுதிகளில் மாணவர்கள் சொல்வது இது. பெற்றோரும் பேராசிரியர்களும்கூட இதற்குத் தலையாட்டுகிறார்கள். என்னால் முடியவில்லை.

வயதே காப்பு என்ற நம்பிக்கை 1966-லேயே உடைந்துவிட்டது. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், நல்ல உடல்நலத்தோடு இருந்த 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். முழுமூச்சாக உழைக்கும்போது உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் நாலில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துபோனது. அதே ஐவரை 30 ஆண்டு கழித்துச் சோதித்தார்கள். அந்த மூன்று வாரம் பறித்த அளவுக்கு முப்பது ஆண்டு முதுமை பறித்திருக்கவில்லை. படுக்கையும் வகுப்பறை பெஞ்சும் ஒன்றல்லதான். ஆனாலும் அசையாத உடம்புக்கு இளமை சலுகை காட்டுவதில்லை.

“ஒல்லியாத்தானே இருக்கேன்” என்பார்கள். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் உடலையே அளந்து 2004-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் ஊர் ஒல்லிக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணாடி சொல்லாது.

கேம்பஸுக்குள் நடப்பது போதாதா? மூச்சு சற்று வாங்கும்படி வாரம் 150 நிமிடமாவது, அதோடு தசைக்கு இரண்டு நாள் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேன்டீனுக்கு அரட்டையோடு நடப்பது இந்தக் கணக்கில் வராது.

“என் உடம்பு எனக்குத் தெரியாதா?” இதுதான் வலுவான வாதம். தெரியாது என்றே சொல்வேன். கடினமான வேலை எதையும் கொடுக்காத உடம்பு எதைக் காட்டிக்கொடுக்கும்? பக்கத்து அறை நண்பனோடு ஒப்பிட்டால், அவனும் உட்கார்ந்தேதான் இருக்கிறான்.

மாணவிகளைச் சோம்பேறிகள் என்பது எனக்குக் கோபமூட்டுகிறது. போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் இந்தியப் பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 என்று 2022-க்கான கணக்கு சொல்கிறது. விடுதி கேட்டை ஆறு மணிக்கே பூட்டிவிட்டால் மைதானம் யாருக்கு?

சேர்க்கையின்போது ரத்த வகை கேட்டு எழுதிக்கொள்ளும் கல்லூரிகள் ஓர் உடற்தகுதிச் சோதனையையும் செய்யலாம். 1940-களில் ஹார்வர்டில் உருவான சோதனைக்கு 20 அங்குல உயரப் பலகை போதும். நிமிடத்துக்கு 30 முறை, ஐந்து நிமிடம் ஏறி இறங்க வேண்டும். பிறகு உட்கார்ந்து, நாடி எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்று எண்ண வேண்டும்.