அரிசி மூட்டை வேண்டாம், செக்ரோலில் பெயர் வேண்டும்!

தொழிலாளத் தோழர்களே! தீபாவளி வந்தால் போதும், கண் இழந்தவருக்கும் கால் இழந்தவருக்கும் அரிசி மூட்டை கொடுத்துப் படம் பிடித்துக்கொள்ளப் பெரிய மனிதர்கள் கிளம்பிவிடுகிறார்கள். நம் கிளைச் சங்கமும் அந்த வரிசையில் நின்றதுண்டு, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். அரிசி பத்து நாளில் தீரும். பிறகு?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸைப் பாருங்கள். 1951-ல் தோன்றிய பார்வையற்றோர் சங்கம் அங்கே செய்த வேலை வேறு. வெள்ளைக் கோலைப் பிடித்துத் தனியாக நடக்கவும், விரலால் தடவிப் பிரெயில் எழுத்தைப் படிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். கூடை முடைவது, தட்டெழுத்து, தொலைபேசி, உடம்பு பிடிப்பது என்று தொழில் பழக்கினார்கள். அங்கே உடம்பு பிடித்துவிடும் பார்வையற்றவர்களை அறியாதவர் உண்டோ? அவர்கள் கை நீட்டுவது பிச்சைக்கு அன்று, கூலிக்கு. தருமம் என்றால் இதுவன்றோ தருமம்!

ஆனால் பயிற்சி முடித்துத் தோட்டத்துக்குத் திரும்புகிறவர் கதி என்ன? பால் உறையப் போடும் ஆசிட் தெறித்துப் பார்வை இழந்த தோழர் ஒருவர், தொழில் பழகி வந்து ஆபீஸ் வாசலில் நின்றார். "சொக்சோ பணம்தான் வருகிறதே, உமக்கு எதற்கு வேலை?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். கிராணி நாற்காலியில் இருந்த நாமும் அன்று வாய் திறக்கவில்லை.

வேலையா இல்லை? நாற்றுப் பையில் மண் நிரப்பக் கண் வேண்டுமா? ஆபீஸ் தொலைபேசியை எடுக்கக் கால் வேண்டுமா? பால் நிறுக்கும் கொட்டகையில் கணக்கு எழுத ஒரு கை போதாதா?

சட்டம் இருக்கிறதே என்பார்கள். ஊனமுற்றோர் சட்டம் 2008-ல் வந்தது. மற்றவரோடு சமமாக வேலை பெறும் உரிமை உண்டு என்று 29-ஆம் பிரிவு சொல்லிற்று. மறுக்கும் முதலாளிக்கு என்ன தண்டனை என்பதைத்தான் சொல்லவில்லை! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? அரசாங்க உத்தியோகத்தில் நூற்றுக்கு ஒன்று என்ற விதி 1988-லேயே வந்தது. அது தோட்ட முதலாளியைக் கட்டுப்படுத்தாது.

ஆகவே கிளைத் தலைவர்களே, அடுத்த சம்பள ஒப்பந்தப் பேச்சில் இதையும் வையுங்கள்: வேலையில் ஊனமுற்றவருக்கு அதே தோட்டத்தில் இயன்ற வேலை வேண்டும், பயிற்சிக்குப் போன காலத்தில் லயத்து வீட்டைப் பறிக்கக் கூடாது, செக்ரோலில் பெயரை வெட்டக் கூடாது. பயிற்சிக்குப் போகும் பஸ் காசை, அரிசி வாங்கும் பணத்திலிருந்து சங்கமே கொடுக்கட்டும்.

அந்தத் தோழருக்காக நாமே மனு எழுதி மேனேஜர் மேசையில் வைத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.