அறுந்த பெல்ட்டின் செலவு யார் கணக்கில்?

பழைய கார் ஒன்றின் டைமிங் பெல்ட்டை உரிய காலத்தில் மாற்றினால் சில ஆயிரம் ரூபாயில் வேலை முடிந்துவிடும். அதே பெல்ட் ஓட்டத்தில் அறுந்துபோனால் செலவு பல பத்தாயிரங்களுக்குப் போகக்கூடும். சில நேரங்களில் வண்டியின் விற்பனை மதிப்பையே அது நெருங்கிவிடுகிறது. இந்தப் பெருஞ்செலவு எஞ்சினைப் பற்றிய செய்தியாக மட்டுமே பட்டறைகளில் பேசப்படுகிறது. அது கொடுக்கல் வாங்கல் ஒழுக்கத்தைப் பற்றிய செய்தியும் ஆகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. பெல்ட்டின் வயதை அறிந்திருந்தும் வாய் திறவாமல் பழைய காரை விற்பவர், வரவிருக்கும் ஒரு செலவைத் தம் தோளிலிருந்து இறக்கி, அறியாத ஒருவரின் தோளில் ஏற்றிவிடுகிறார்.

முதலில் பெல்ட்டின் வேலையைப் பார்ப்போம். சென்னிமலை வட்டாரத்தில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. விசைத்தறியில் மேலே கிராங்க் தண்டு, கீழே அடித்தண்டு. சாதாரண நெசவில் கிராங்க் தண்டு இருமுறை சுற்றும்போது அடித்தண்டு ஒருமுறை சுற்றும். பாவு இழைகள் எப்போது விரிய வேண்டும், நாடா எப்போது பாய வேண்டும், அச்சு எப்போது வந்து ஊடையை அடிக்க வேண்டும் என்பதெல்லாம் இந்தச் சுழற்சிக் கணக்கில்தான் அடங்கியிருக்கிறது. நாடா முழுமையாக வெளியேறும் முன்னர் பாவு மூடிக்கொண்டால் என்ன ஆகும்? நூற்றுக்கணக்கான இழைகள் ஒரே அடியில் அறும். நாடா நல்ல நாடாதான். நூலும் நல்ல நூல்தான். நேரம் தவறியது ஒன்றே குற்றம்.

கார் எஞ்சினிலும் இதே கணக்குத்தான். பிஸ்டன்களை இயக்கும் கிராங்க் ஷாஃப்ட் இருமுறை சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒருமுறை சுற்ற வேண்டும். இவ்விரண்டையும் இணைத்து நேரம் பிசகாமல் வைத்திருப்பது, உட்புறம் பற்கள் கொண்ட ஒரு ரப்பர் பட்டை. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. அந்த வேகத்தில் பெல்ட் அறுந்தால் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும். சில வால்வுகள் திறந்தபடியே நிற்கும். வண்டி ஓடிவந்த வேகத்தில் பிஸ்டன்கள் மட்டும் தொடர்ந்து மேலே ஏறி அவற்றின்மீது மோதும். வால்வுகள் வளைகின்றன, சில வண்டிகளில் பிஸ்டனின் தலையும் சேதமுறுகிறது. வால்வுக்கும் பிஸ்டனுக்கும் போதிய இடைவெளி விட்டு வடிவமைக்கப்பட்ட எஞ்சின்களும் உண்டு. அவற்றில் வண்டி நின்றுபோவதோடு சேதம் முடிந்துவிடும். தம்முடைய வண்டி எந்த வகையைச் சேர்ந்தது என்பது ஓட்டுபவர்களில் பலருக்குத் தெரியாது.

ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் 1962ஆம் ஆண்டில் தன் காரில் இந்த ரப்பர் பெல்ட்டைக் கொண்டுவந்தது. சங்கிலியைவிடச் சத்தம் குறைவு, எடை குறைவு, விலையும் குறைவு என்பதால் உலகெங்கும் அது பரவியது. நம் சாலைகளில் ஓடும் பழைய மாருதி 800, ஆம்னி, 1.1 லிட்டர் சான்ட்ரோ, டாடா இண்டிகா டீசல், முதல் தலைமுறை இன்னோவா டீசல் ஆகியவை எல்லாம் பெல்ட் வண்டிகளே. பெல்ட்டை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுவே கெடு. ஓடாமல் நிற்கும் வண்டியிலும் ரப்பர் முதுமையடையும். "கொஞ்சம்தான் ஓடியிருக்கிறது" என்ற சொல் பெல்ட்டைப் பொறுத்தவரை அரைச் செய்தியே.

இந்தப் பெல்ட்டின் பெரும் குணக்கேடு அதன் மௌனம். தேய்ந்த பிரேக் கிறீச்சிடும். பழைய பேட்டரி காலையில் முரண்டு பிடிக்கும். பெல்ட்டோ மூடிக்குள் மறைந்திருந்து, அறும் நொடிவரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. வண்டியைச் சுற்றிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, நல்ல நிலையில் இருப்பதாக நம்பி ஒருவர் பணத்தை எண்ணிக் கொடுக்கலாம். அடுத்த மாதமே பெருந்துறைச் சாலையில் அது நின்றுவிடலாம்.

அப்படி நிற்கும்போது யார் வீட்டில் இடி விழுகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். புதிய கார் வாங்கும் வசதி உடையவர் பதினைந்து ஆண்டுப் பழைய வண்டியைத் தேடுவதில்லை. சென்னிமலைப் போர்வைகளையும் விரிப்புகளையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லும் சிறு வியாபாரி, பெற்றோரை ஈரோட்டுக்கோ கோவைக்கோ மருத்துவம் பார்க்க அழைத்துச் செல்ல வேண்டிய மகன், வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவர் ஆகியோரே அதை வாங்குகிறார்கள். சேமிப்பு முழுவதும் வண்டியின் விலைக்கே போயிருக்கும். பட்டறையில் ஹெட்டைக் கழற்றியதும் வால்வுகள், கைடுகள், ஆயில் சீல்கள், ஹெட் கேஸ்கட், லேத் வேலை, புதிய பெல்ட் செட், எஞ்சின் ஆயில், கூலி என்று பட்டியல் நீள்கிறது. வண்டி நிற்கும் நாள்களின் வருமான இழப்பு அந்தப் பட்டியலில் வருவதில்லை. இந்த நிலையில் மனைவியின் நகை அடகுக்குப் போகிறது. அல்லது வட்டிக்காரரின் வாசலில் கால் பதிகிறது. வட்டி ஹராம் என்று அறிந்த மனிதரை அந்த வாசல்வரை தள்ளியதில், விற்றவரின் மௌனத்துக்கும் பங்கு உண்டு.

மார்க்கம் இதில் நம்மை இருட்டில் விடவில்லை. மதீனாவின் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்பவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்ததை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்திருக்கிறது. அந்த மனிதர் பொய் ஏதும் சொன்னதாகச் செய்தியில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மழை பெய்ததும் அவர் குற்றமன்று. ஈரத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்ததே அங்கு கண்டிக்கப்பட்டது. மூடிக்குள் இருக்கும் கெடு தாண்டிய பெல்ட், குவியலுக்குள் இருக்கும் ஈரத் தானியமே.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, உள்ளதை வெளிப்படுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும் என்றும், மறைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்றும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் வழியாகச் செய்தி வந்துள்ளது. இதனடிப்படையில், மறைந்திருந்த பழைய குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹு நூல்கள் வாங்குபவருக்கு அளிக்கின்றன. "எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்ல" என்று நிபந்தனையிட்டு விற்பதற்கு ஹனஃபி மத்ஹபில் இடம் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அந்த இடம் மிகவும் குறுகியது. ஆனால், தெரிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

இதற்கு மறுப்பாகச் சில வாதங்கள் கூறப்படுகின்றன. முதலாவது, "பெல்ட் இன்னும் அறவில்லையே, அறாத ஒன்றைக் குறை என்று எப்படிச் சொல்வது?" என்பது. தேய்மானம் எல்லாப் பழைய வண்டிக்கும் உரியதுதான். ஆயினும், பொருளின் விலையைக் குறைக்கக்கூடிய எதையும் வணிக வழக்கம் குறையாகவே கருதுகிறது. பெல்ட் கெடு தாண்டியது தெரிந்தால் வாங்குபவர் விலையைக் குறைத்துக் கேட்பாரா, மாட்டாரா? கேட்பார். அதற்காகத்தானே அது மறைக்கப்படுகிறது!

இரண்டாவது, "வாங்குபவர் மெக்கானிக்கை அழைத்து வந்து பார்த்திருக்க வேண்டும்" என்பது. நாட்டுச் சட்டம் ஏறத்தாழ இப்படித்தான் தொடங்குகிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, குறிப்பிட்ட சில விலக்குகள் நீங்கலாக, பொருளின் தரத்துக்கு விற்பவர் தாமாகவே உத்தரவாதம் தந்ததாகக் கொள்வதில்லை. வாங்குபவர் விழிப்போடு இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. அவர் விழிப்போடு இருப்பது நல்லதே. ஆனால் மறுமையில் நாம் நிற்கப்போகும் சன்னிதானத்தில், "அவர் கேட்கவில்லை, அதனால் நான் சொல்லவில்லை" என்ற விடை செல்லுமா? சட்டம் தண்டிக்காத இடத்தில்தான் இறையச்சத்துக்கு வேலை இருக்கிறது.

மூன்றாவது, "எனக்கே தெரியாது, நானும் இரண்டாம் கையாகத்தான் வாங்கினேன்" என்பது. இது நேர்மையான விடையாகவும் இருக்கக்கூடும். அப்படியானால் அதையே சொல்லிவிடலாம். "பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பது எனக்குத் தெரியாது, மாற்றிக்கொள்ளுங்கள்" என்ற ஒரு வரி போதும். அந்த ஒரு வரி வாங்குபவரைப் பெருநட்டத்திலிருந்து காத்துவிடும்.

ஆகவே, நம் குடும்பங்களில் பழைய கார் கைமாறும்போதெல்லாம் ஒரு வழக்கத்தை ஏற்படுத்துவோம். குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகராவின் 282ஆம் வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வதைப் பற்றியது. எழுத்தின் அருமையை அந்த அளவுக்கு நமக்கு உணர்த்திய மார்க்கம் இது. விற்பனைத் தாளில் ஆர்.சி. எண்ணையும் தொகையையும் எழுதும்போது, பெல்ட் மாற்றிய தேதி, அப்போது மீட்டரில் இருந்த கிலோமீட்டர், பட்டறை ரசீது ஆகியவற்றையும் குறித்துக் கொடுப்போம். தெரியாவிட்டால் "தெரியாது" என்று எழுதி, பெல்ட் செட் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்வோம். விற்பவருக்கு இதனால் குறைவது சில ஆயிரம் ரூபாய். வாங்குபவருக்குத் தவிர்வதோ ஓர் எஞ்சின் வேலை.

வாங்குபவருக்கும் கடமை உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, பின்னர் இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி நபியவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் இருக்கிறது. ரசீது இல்லாத பழைய வண்டியை வாங்கிய அன்றே, அதன் பெல்ட் கெடு முடிந்துவிட்டதாகக் கருதிக்கொள்வதே பாதுகாப்பு. பெல்ட்டோடு டென்ஷனரையும், பெல்ட்டால் ஓடும் வாட்டர் பம்ப் இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுவது நல்லது. பம்ப்பின் பேரிங் இறுகினால் புதிய பெல்ட்டும் அறும். எஞ்சின் ஆயில் கசிந்து பெல்ட்டின்மீது பட்டாலும் அதன் ஆயுள் குறையும். ஓட்டத்தில் எஞ்சின் திடீரென நின்று, சாவியைத் திருப்பினால் வழக்கத்தைவிட எளிதாகவும் வேகமாகவும் சுழல்வதுபோல் ஒலித்தால், மறுபடியும் ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம். தள்ளிவிட்டு ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். ஒவ்வொரு முயற்சியிலும் இன்னும் சில வால்வுகள் வளையக்கூடும்.

பட்டறை நடத்தும் சகோதரர்களின் பொறுப்பும் சிறிதன்று. வாடிக்கையாளர் காண முடியாத இடத்தில் வேலை செய்பவரின் கையில் இருப்பது அமானிதம். ஹெட்டைத் திறப்பதற்கு முன் சேதத்தின் அளவைச் சோதித்துச் சொல்வது, செலவு மதிப்பீட்டை எழுதித் தருவது, கழற்றிய பழைய பாகங்களைக் கண்ணில் காட்டுவது, "இந்த வண்டிக்கு இவ்வளவு செலவழிப்பது வீண்" என்றால் அதை மனம் திறந்து கூறுவது ஆகியவை அந்த அமானிதத்தின் பகுதிகள். மாற்றாத பெல்ட்டுக்கு ரசீது போடுவதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அந்த ரசீதை நம்பி வண்டி அடுத்தடுத்துக் கைமாறும். ஏமாற்றமும் அதனோடு சேர்ந்து பயணிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் பெல்ட் அறத்தான் செய்யும். யாரோ ஒருவர் வண்டி சாலையோரம் நிற்கத்தான் செய்யும். அந்த வண்டி ஒரு குடும்பத்தின் ரிஸ்க் என்றால், அதைச் சரிசெய்ய வட்டியில்லாக் கடன் கொடுப்பது நம் ஜமாஅத்துகளால் இயலாத காரியமன்று. திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் உதவத் தெரிந்த நமக்கு, பிழைப்புக்கான வண்டியைப் பழுது பார்க்கவும் சிறு தொகை ஒதுக்கத் தெரிய வேண்டும். தொழில் மீண்டும் ஓடத் தொடங்கியதும் மாதந்தோறும் திரும்பி வரக்கூடிய தொகைதான் அது. ஒரு சகோதரரை வட்டியிலிருந்து காப்பதைவிட அதற்கு வேறு என்ன வருமானம் வேண்டும்?

நம் கையை விட்டுப் போகும் பொருள் இன்னொருவர் வீட்டில் நல்லபடி உழைக்க வேண்டும் என்ற எண்ணம் நம் வணிகத்தில் நிலைக்கட்டும். குறையை எடுத்துச் சொல்லும் நாவையும், குறைந்த விலையையும் பொருந்திக்கொள்ளும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.